காம்புப் பக்கம்

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகித் திருவனந்தபுரம் கோட்டைக்குள் குடித்தனம் பண்ண வந்த புதிதில் இந்த ஊர்த் தமிழைக் கேட்டுச் சமையலறைக்குள் போய்ச் சிரித்திருக்கிறேன். ‘போதும்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘மதி’ என்பார்கள். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு ‘கேட்டோ’ வந்து ஒட்டிக்கொள்ளும். வருஷம் போகப் போக என் வாயிலும் அதெல்லாம் ஏறிவிட்டது. பிறந்தகத்துக்குப் போனால் அங்கே என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரர் காலேஜில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தார். அந்த உத்தியோகம் காலேஜோடு நின்றிருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்கும் கூடவே வரும். மழைத் தண்ணீர் சொட்டுவதை நின்று பார்ப்பார். காப்பியில் பால் கலக்கும்போது ‘இரு, இரு’ என்று என் கையைப் பிடிப்பார். எல்லாவற்றிலும் மோசம் அந்தக் கடுகுப் பலகை.

சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் ஒரு தகரக்காரனைப் பிடித்து, ஒரு முழ நீளத் தகரத்தை ரம்பத்தின் பல் போல மடித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பக்கம் நீளமான சரிவு, மறுபக்கம் சுவர் மாதிரி செங்குத்து. அதை ஒரு பலகையில் அடித்து, நடுவில் என் அஞ்சறைப்பெட்டிக் கடுகை ஒரு கை போட்டு, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு இந்தண்டையும் அந்தண்டையுமாக ஆட்டுவார். கடுகு தாறுமாறாகத் துள்ளும். ஒன்று இப்படிப் போகும், ஒன்று அப்படிப் போகும், ஒன்று இருந்த இடத்திலேயே குதிக்கும். எந்தக் கடுகுக்கும் எங்கே போகிறோம் என்று தெரியாது. ஆனால் கொஞ்ச நேரம் ஆட்டினால் அத்தனையும் ஒரே முனையில் போய்க் குவிந்திருக்கும். பலகையை அந்த முனையில் சற்றுத் தூக்கிப் பிடித்தால்கூட மேட்டில் ஏறிப் போகும்.

வீட்டுக்கு யார் வந்தாலும் இந்த வித்தை உண்டு. வந்தவர்கள், நீங்கள் அந்தப் பக்கம் கூடுதலாகத் தள்ளுகிறீர்கள் என்பார்கள். அவருக்கு அதைக் கேட்கத்தான் ஆசை. பலகையை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவார். அவர்கள் ஆட்டினாலும் கடுகு அதே முனைக்குத்தான் போகும். ஆட்டுகிற கைக்கு வலது இடது கிடையாது, பல்லுக்குத்தான் உண்டு என்பார். சரிவில் ஏறி அந்தப் பக்கம் விழுந்த கடுகு செங்குத்தில் திரும்பி ஏற முடியாது. துள்ளுவது எல்லாம் வீண் துள்ளல்தான், ஆனால் அந்த வீண் துள்ளலையே பல் தன் இஷ்டத்துக்கு ஒரு திக்கில் செலவு பண்ணிவிடுகிறது என்று விளக்குவார். வந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டுக் காப்பி வருமா என்று என்னைப் பார்ப்பார்கள். தாளிக்கக் கடுகு இல்லாமல் நான் அவரைப் பார்ப்பேன்.

சிதறின கடுகைப் பொறுக்குவது எங்கள் பெண்ணின் வேலை. எங்களுக்கு அவள் ஒருத்திதான். ஏழு வயது. சொன்னால் சொன்னபடி கேட்கிற குழந்தை. உட்கார் என்றால் உட்காருவாள், யாராவது எழுந்திரு என்று சொல்லும்வரை அங்கேயே இருப்பாள். தெருவில் எல்லோரும் என்னிடம் அதைச் சொல்லி மெச்சுவார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டில் நாலாவது ஆள் என் நாத்தனார், அவருடைய அக்கா. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, நார்மடிப் புடவையோடு தம்பி வீட்டில் இருந்தாள். மடி, ஆசாரம், எச்சில், சோற்றுப்பத்து என்று அவளுக்கு நாள் முழுக்க வேலை. எச்சில் பட்ட கை எதைத் தொட்டாலும் அது அவளுக்கு ஆகாது. ஒரு சொட்டு எச்சில் பட்ட பாத்திரத்தை மூன்று தடவை தேய்க்க வைப்பாள். பொல்லாதவள் இல்லை. குழந்தைக்குத் தலை பின்னிவிடுவது, கதை சொல்வது எல்லாம் அவள்தான். ஆனால் எச்சில் விஷயத்தில் அவள் கண்ணை உருட்டினால் குழந்தைக்கு உடம்பு நடுங்கும்.

கர்க்கடக மாதம், நம் ஆடியில், நிறைபுத்தரி அன்று கோயிலில் புதுக் கதிர் பூஜை நடக்கும். கோட்டைக்கு வெளியே புத்தரிக்கண்டம் வயல் இருக்கிறதே, அங்கே விளைந்த கதிர். பூஜையான பிறகு ஆளுக்கு ஒரு பிடி கொடுப்பார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, மாவிலையோடு சேர்த்து வாசல் நிலையிலும் பூஜை அறை நிலையிலும் கட்டுவது இந்த ஊர் வழக்கம். அந்த வருஷமும் என் நாத்தனார் ஈரப் புடவையோடு கோயிலுக்குப் போய்க் கதிர் வாங்கிவந்தாள். அது வால் நெல். ஒவ்வொரு மணியின் நுனியிலும் நீளமாக ஒரு முள் மாதிரி வால் இருக்கும். வாலைக் காம்பிலிருந்து நுனிப் பக்கம் தடவினால் வழுக்கும். நுனியிலிருந்து காம்புப் பக்கம் தடவினால் சுணை விரலைப் பிடிக்கும்.

வாசலில் கட்டி முடித்துவிட்டு, மீதிக் கதிரை ஒரு மணையில் வாழையிலை போட்டு வைத்துவிட்டு, பூஜை அறைக்கு நார் கிழிக்க நாத்தனார் கொல்லைக்குப் போனாள். பூனை வராமல் பார்த்துக்கொள் என்று குழந்தையை மணைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் போனாள். நான் அடுப்படியில் இருந்தேன். நல்ல மழை.

பச்சைக் காம்பைச் சப்பினால் தித்திக்கும். எல்லாக் குழந்தைகளுக்கும் அது தெரியும். அவள் ஒரு சின்னக் கதிரை எடுத்துக் காம்பை வாயில் வைத்துச் சப்பியிருக்கிறாள். அதற்குள் நாத்தனார் கொல்லையிலிருந்து திரும்பி வருகிற சத்தம். சப்பின கதிரைத் திரும்ப மணையில் வைத்தால் அத்தனை கதிரும் எச்சில். கீழே போட்டால் அது பிரசாதம், காலில் படும். ஏழு வயது மூளைக்கு ஒரு வழிதான் தோன்றியிருக்கிறது. கதிர் முழுவதையும் வாய்க்குள் இழுத்துக்கொண்டு உதட்டை மூடிவிட்டாள்.

“எச்சல் பண்ணாம பாத்துண்டியோன்னோ?” என்று நாத்தனார் கேட்டாள்.

பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பதும் நாங்கள் சொல்லிக் கொடுத்ததுதான். பதில் சொல்ல மூச்சை இழுத்தாள். கதிர் உள்ளே போய்விட்டது.

நான் சத்தம் கேட்டு ஓடி வந்தபோது அவள் முகம் நீலம் பாரித்திருந்தது. முதுகில் தட்டினேன். தலைகீழாகப் பிடித்தேன். இருமி இருமி, அப்புறம் தானாகவே ஓய்ந்துவிட்டது. மீன் முள் சிக்கினவர்களுக்குச் சோற்று உருண்டை கொடுப்பதைப் போல நான் வாழைப்பழத்தை மசித்துக் கொடுத்தேன். விழுங்கினாள். நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. உமி ஏதோ பறந்து தொண்டையில் பட்டிருக்கும் என்றாள். சாயங்காலம் நான் விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தபோது குழந்தை வந்து என் காதில் சொன்னாள்.

“அம்மா, கதிரை முழுங்கிட்டேன். அத்தைகிட்ட சொல்லாதே, கேட்டோ.”

சொல்ல மாட்டேன் என்றேன். வயிற்றுக்குள் போனது வயிற்று வழியாக வந்துவிடும் என்று நினைத்தேன். அது வயிற்றுக்குப் போகவில்லை.

நாலைந்து நாள் ஒன்றும் இல்லை. பிறகு வறட்டு இருமல் ஆரம்பித்தது. பிறகு ஜுரம். வலது பக்கம் குத்துகிறது என்றாள். அப்போதுதான் நான் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நாத்தனாரும் கேட்டுக்கொண்டு நின்றாள். எச்சிலுக்குப் பயந்து விழுங்கினாள் என்பதை நான் கூடுதலாகவும் சொல்லவில்லை, குறைவாகவும் சொல்லவில்லை. அவள் குழந்தைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மடியாக உடுத்தியிருந்த நார்மடியின் தலைப்பால் அதன் மூக்கைத் துடைத்தாள். நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் அப்படிச் செய்து பார்த்ததில்லை.

டாக்டர் வந்தார். மலையாளி, பொறுமையான மனுஷர். குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, வலது நுரையீரலின் அடிப்பக்கத்தில் கபம் கட்டியிருக்கிறது என்றார். கதிர் உள்ளே இருந்தால் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாது, நெல்லும் சதையும் அதற்கு ஒன்றுதான் என்றார். தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுக்கிற சாமான் மெட்ராஸில் இருக்கலாம், ஆனால் இந்த ஜுரத்தில் குழந்தையை ரயிலில் ஏற்றினால் போய்ச் சேராது என்றும் மறைக்காமல் சொன்னார். மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் அன்று முழுக்க யோசித்தார். யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். மூச்சை உள்ளே இழுப்பது மெதுவாக நடக்கிறது. இருமல் பலமாக வெளியே அடிக்கிறது. பலம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம்தான் சாமான் நகரும். ஆகவே இருமினால் கதிர் கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டைக்கு வந்து சேரும் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. டாக்டரும் இருமுவது நல்லதுதான் என்றார்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் பாடம் மாதிரி நடந்தது. குழந்தையைத் தன் மடியில் குப்புறச் சாய்த்து, தலையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, “இருமு கண்ணா, இன்னும் பலமா” என்பார். அவள் இருமுவாள். கண்ணில் நீர் வரும், கழுத்து நரம்பு புடைக்கும். நடுவில் தலையைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்து, “மதியா அப்பா?” என்று கேட்பாள். அவர் இன்னும் கொஞ்சம் என்பார். உடனே மறுபடி ஆரம்பிப்பாள். வேறு குழந்தையாக இருந்தால் கத்தி, கையைக் கடித்து, தூணைக் கட்டிக்கொண்டு, மாட்டேன் என்றிருக்கும். இவள் ஒரு நாளும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

நாளுக்கு நாள் ஜுரம் ஏறிற்று. எச்சிலில் சிவப்பு வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. “போறும்னா. அவளை விடுங்கோ” என்று ஒரு நாள் கத்திவிட்டேன். அவர் என்னைப் பார்த்து, வருகிற வழியில் சிவப்பு வரத்தான் செய்யும், கதிர் மேலே ஏறி வருகிறது என்று அர்த்தம் என்றார். அத்தனை நம்பிக்கை அவருக்கு. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு நாள் மத்தியானம் காலேஜ் விடுகிற நேரத்துக்கு முன்னாலேயே அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். மழையில் குடையைக்கூடப் பிடிக்கவில்லை. கோட்டு தோளில் இல்லை, சுருட்டிக் கையில் வைத்திருந்தார். ரேழியில் நின்றுகொண்டு அதைப் பிரித்து, உள்ளேயிருந்து ஒரு நெற்கதிரை எடுத்து என்னிடம் காட்டினார். காலையில் புறப்படும்போது வாசல் நிலையைத் தாண்டிக் கையைத் தூக்கிக் குடையை விரித்திருக்கிறார். அங்கே கட்டியிருந்த கதிர் ஒன்று காய்ந்து, ஒடிந்து, கோட்டுக் கையின் முனையில் செருகிக்கொண்டிருக்கிறது. அவர் கவனிக்கவில்லை. வகுப்பில் கரும்பலகையில் எழுதுகிறார், அழிக்கிறார். கை மேலே போகிறது, கீழே வருகிறது. மணிக்கட்டில் என்னவோ குறுகுறுத்தது. பிறகு முழங்கையில். வகுப்பு முடிவதற்குள் தோளில் வந்து குத்தியிருக்கிறது. பையன்கள் முன்னாலேயே கோட்டைக் கழற்றிப் பார்த்தாராம்.

“நான் தள்ளலை. கை மேலேயும் போச்சு, கீழேயும் வந்துது. அது ஒரே பக்கமா ஏறி வந்துடுத்து” என்றார். அப்போதும் எனக்குப் புரியவில்லை. மணிக்கட்டில் காம்பு உள்ளேயும் வால் வெளியேயுமாக அது செருகியிருந்தது என்றார். முன்னால் போகும்போது வால் படிந்து வழிவிடுகிறது. பின்னால் வரப் பார்த்தால் அத்தனை சுணையும் துணியைப் பிடித்துக்கொள்கிறது. மேலே கீழே எவ்வளவு பலமாக ஆட்டினாலும் காம்பு இருக்கிற பக்கம்தான் போகும் என்றார். பலத்தைப் பார்த்தேனே, பல்லைப் பார்க்கவில்லையே என்றார்.

பிறகு குழந்தையிடம் போனார். அவள் தடுக்கில் படுத்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் பாட நேரம் வந்துவிட்டது என்று நினைத்து எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று கையமர்த்தி, பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். கையிலிருந்த கதிரைக் காட்டினார்.

“கண்ணா, அன்னிக்கு எந்தப் பக்கம் வாயிலே வெச்சே?”

அவள் நாத்தனாரை ஒரு தடவை பார்த்தாள். நாத்தனார், “பயப்படாம சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றாள்.

“காம்புப் பக்கம்” என்றாள் குழந்தை.

அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். கிணற்றடியில் மழையில் நின்றார். நான் பின்னால் போனேன். அது இனிமேல் வந்த வழியில் வராது, முன்னாலேதான் போகும் என்றார். ஒவ்வொரு இருமலும் அதை உள்ளே தள்ளியிருக்கிறது, நான்தான் தள்ளச் சொன்னேன் என்றார். கடுகுப் பலகையை ஊருக்கெல்லாம் ஆட்டிக் காட்டின மனுஷர். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை இன்றைக்கும் எழுத்தில் வைக்க முடியாது. இத்தனையும் தெரிந்தவருக்குத் தன் பெண்ணின் நெஞ்சு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்த பிறகு அங்கே ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. புடவைத் தலைப்பை எடுத்து அவர் தலையைத் துவட்டினேன்.

அன்று சாயங்காலத்திலிருந்து பாடம் மாறிவிட்டது. “இருமாதே கண்ணா. வந்தாலும் அடக்கிக்கோ. மெல்ல மெல்ல, பூவை மோந்து பாக்கற மாதிரி மூச்சு விடு” என்றார். மூச்சை நிறுத்தச் சொல்ல முடியாது. ஆனால் மூச்சு எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவுக்குக் கதிர் மெதுவாகப் போகும், அதற்குள் உடம்பு அதற்கு ஒரு வழி பண்ணும் என்று அவர் கணக்கு. அது வெளியே வரத்தான் போகிறது, விலாவிலோ முதுகிலோ வந்து தட்டும், அங்கே கீறி எடுத்துவிடலாம் என்று டாக்டரிடம் சொன்னார். டாக்டர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கோட்டுக் கதையைக் கேட்டுவிட்டு, கதிரை வாங்கித் தன் சட்டைக் கைக்குள் விட்டு, கையை ஆட்டிப் பார்த்தார். பிறகு குழந்தையின் முதுகை விரல் விரலாகத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

குழந்தை அதையும் கேட்டாள். இருமல் வரும்போது துண்டின் முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொள்வாள். உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். கண் பிதுங்கும். சத்தம் வராது. அடங்கின பிறகு, பார்த்தாயா என்கிற மாதிரி அப்பாவைப் பார்ப்பாள். அவர் தலையை ஆட்டி, “சமத்து” என்பார். நான் அந்த இடத்தில் இருக்க மாட்டேன். அடுப்படிக்குப் போய் எதையாவது உருட்டிக்கொண்டிருப்பேன். அந்தச் சத்தமில்லாத இருமலைப் போல ஒன்றை எந்தத் தாயும் பார்க்கக் கூடாது.

நாத்தனார் அவளை விட்டு நகரவில்லை. துப்பினதைக் கையில் ஏந்தினாள். தான் சாப்பிடும் பாத்திரத்திலேயே அவளுக்குக் கஞ்சி ஊட்டினாள். ஒரு நாள் குழந்தை, “அத்தை, உனக்கு எச்சலாயிடுத்தே” என்றது. “போறது போ” என்றாள் அவள்.

மழை கொஞ்சம் ஓய்ந்து ஆவணி பிறந்தது. வலது தோள்பட்டைக்குக் கீழே, முதுகில், முதலில் ஒரு சூடு தெரிந்தது. பிறகு சிவப்பு. பிறகு எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு வீக்கம். அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதார். சந்தோஷத்தில்தான் அழுதார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஊரில் யாராவது பெற்ற பெண்ணின் முதுகில் கட்டி வந்ததற்குச் சந்தோஷப்பட்டிருப்பார்களா? நாங்கள் பட்டோம். டாக்டருக்கு ஆள் போயிற்று.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிற நிலையில் அவள் இல்லை. கூடத்திலேயே பெஞ்சைப் போட்டு, வெந்நீர் வைத்து, கம்பவுண்டரோடு டாக்டர் வந்து உட்கார்ந்தார். மயக்க மருந்து கொடுக்க நெஞ்சில் பலம் இல்லை, கீறுகிற இடத்தை மட்டும் மரக்க வைக்கிறேன் என்றார். என் வீட்டுக்காரர் குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் காலைப் பிடித்துக்கொண்டேன். கத்தி பட்டதும் சீழ் வந்தது. வந்துகொண்டே இருந்தது. டாக்டர் இடுக்கியை விட்டு மெதுவாக எதையோ பிடித்து இழுத்தார். முதலில் காம்பு வந்தது. பிறகு ஒவ்வொரு மணியாக, வால் படிந்து, கதிர் முழுசாக வழுக்கிக்கொண்டு வந்தது. பச்சை மட்டும் போய்க் கறுத்திருந்தது. ஒரு மணிகூட உதிரவில்லை.

டாக்டர் அதைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு என் வீட்டுக்காரரைக் கை கூப்பிக் கும்பிட்டார். நாத்தனார் கிண்ணத்திலிருந்து அதை வெறும் கையால் எடுத்தாள். ரத்தமும் சீழுமாக இருந்தது. நேரே அடுப்படிக்குப் போய் எரிகிற அடுப்பில் போட்டுவிட்டு வந்தாள். கோயில் பிரசாதம் அது. அவள் வாய் ஒரு மந்திரமும் சொல்லவில்லை.

கட்டுப் போட்ட பிறகு டாக்டர் மறுபடியும் குழாயை வைத்துக் கேட்டார். முகம் மாறிற்று. முள் வெளியே வந்துவிட்டது, ஆனால் உள்ளே கபமும் சீழும் நிறையத் தங்கியிருக்கிறது, இத்தனை நாள் வெளியே வராமல் அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார். இனிமேல் அவள் இருமித் துப்ப வேண்டும், இருமினால்தான் மூச்சுக்கு வழி கிடைக்கும் என்றார். அவளிடமே குனிந்து, இருமு மோளே என்று பாதி மலையாளத்தில் சொன்னார்.

அவள் இருமவில்லை. துண்டின் முனையைத் தேடிக் கையை நகர்த்தினாள். இருமல் வந்தது எங்களுக்குத் தெரிந்தது. உடம்பு தூக்கிப் போட்டது. உதட்டை இறுக்கிக்கொண்டு அடக்கினாள். டாக்டர் இன்னொரு தடவை சொன்னார். அவள் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள்.

“அப்பா, இருமலாமா?” என்று கேட்டாள்.

“இருமு கண்ணா. எவ்வளவு வேணுமானாலும் இருமு” என்றார் அவர். இன்னொரு தடவை சொன்னார். இனிமேல் பயமில்லை, கதிர் போய்விட்டது என்று சொன்னார். அவளுக்குப் புரிந்தது. இருமினாள். இருமல் என்று அதைச் சொல்ல முடியாது. தொண்டையில் ஒரு சின்னச் சத்தம் வந்தது, அவ்வளவுதான். இரண்டாம் தடவை அதுவும் வரவில்லை. டாக்டர் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். நாத்தனார் நெஞ்சைத் தேய்த்தாள். என் வீட்டுக்காரர் அவள் காதோடு காதாக, இருமு, இருமு என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். அவளும் முயற்சி பண்ணிக்கொண்டே இருந்தாள். அவர் சொல்லி அவள் செய்யாமல் போனது அது ஒன்றுதான்.

மறுநாள் உச்சிக்கு முன்னால் போய்விட்டாள்.

அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் வாசலில் கதிர் கட்டுவதில்லை. நாத்தனார்தான் வேண்டாம் என்று முதலில் சொன்னாள். தெருவில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கடுகுப் பலகை பரணில் கிடந்து துருப்பிடித்தது. ஒரு ஆடி மாதம் நான் அதை எடுத்துப் பழைய சாமான்காரனிடம் போட்டேன். அவரிடம் கேட்கவில்லை.

ஒரே ஒரு தடவை அவரிடம் சொல்லியிருக்கிறேன். என்ன விஷயத்துக்குச் சண்டை வந்தது என்று நினைவில்லை. “இருமுன்னும் நீங்கதான் சொன்னேள், இருமாதேன்னும் நீங்கதான் சொன்னேள்” என்றேன். அவர் ஆமாம் என்றார். சொன்னதற்கு நான் வருத்தப்படவும் இல்லை, அதற்குப் பிறகு சொல்லவும் இல்லை. சொல்லிவிட்ட பிறகு அது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இல்லாமல் போயிற்று என்றுதான் நினைக்கிறேன்.

அவர் அதற்கப்புறம் யாரையும் எதையும் செய்யச் சொல்லி நான் கேட்டதில்லை. வகுப்பில் பையன்கள் எழுந்து நின்றால் உட்காருங்கள் என்று சொல்லாமல் கையால் காட்டுவாராம். தண்ணீர் கொண்டு வா என்றுகூட என்னிடம் சொல்ல மாட்டார். தாகம் எடுத்தால் தானே எழுந்து போய் எடுத்துக்கொள்வார். நாத்தனார் இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை மடி பார்க்கவில்லை.

யுத்தம் நடந்த வருஷங்களில் அவருக்கு மழைக்காலம் வந்தால் நெஞ்சில் சளி கட்டும். அரிசிக்கும் மருந்துக்கும் அலைந்துகொண்டிருந்த காலம். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் வீட்டில். நான் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். அவர் எதிரே சாய்வு நாற்காலியில் இருப்பார். இருமல் வரும். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, அதை அடக்கிக்கொண்டு என் முகத்தையே பார்ப்பார்.

“இருமுங்கோ” என்பேன் நான். அதற்குப் பிறகுதான் இருமுவார்.